ஆறு வீட்டு எக்ஸ்சேஞ்ச்

என் மனைவி பாக்கியமேரி டெலிபோன் ஆபரேட்டர் பரீட்சையில் தோற்ற அன்று, அவள் ஜெயித்துவிட்டதாக நினைத்து அரைக் கிலோ ஜாங்கிரியை முன்கூட்டியே வாங்கி வைத்திருந்தேன். அது என் தொழில் புத்தி. முகூர்த்தத்துக்கு முதல் நாளே போய்க் குழாய் ஸ்பீக்கர் கட்டிப் பாட்டுப் போடுகிறவன் நான். மாப்பிள்ளை வந்து சேர்ந்தானா என்றெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தால் பிழைப்பு நடக்காது.

சேலத்திலிருந்து பொம்மிடிக்கு வரும் பாசஞ்சர் வண்டியில் அவள் ஜன்னலோரமாக உட்கார்ந்து வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எதிரே நான். மடியிலிருந்த பொட்டலத்தை என்ன செய்வதென்று தெரியாமல் லோக்கூர் தாண்டுவதற்குள் ஒவ்வொன்றாகத் தின்று தீர்த்தேன். துக்கம் வந்தால் சிலருக்குச் சோறு இறங்காது. எனக்கு இனிப்பு மட்டும் நன்றாக இறங்கும்.

என் பெயர் வியாகுலம். வியாகுல மாதா திருநாளன்று பிறந்ததால் வைத்த பெயர். இவ்வளவு துக்கமான பெயரை வைத்துக்கொண்டு கல்யாண வீடுகளுக்கு மைக் செட் கட்டுகிறவன் தருமபுரி ஜில்லாவிலேயே நான் ஒருவன்தான்.

"என்ன கேட்டாங்க?" என்றேன், விரலைத் துடைத்துக்கொண்டு.

"ஒண்ணும் கேக்கலீங்க. போர்டு முன்னால உக்கார வெச்சாங்க. ரெண்டு பேருக்கு லைன் குடுக்கச் சொன்னாங்க. குடுத்தேன். நல்லாத்தான் குடுத்தேன். அப்ப இன்னொரு பல்பு எரிஞ்சுது. அவசர லைனு."

"எடுத்தியா?"

"எடுத்தேன். ‘டாக்டரக் குடுங்க, ஆக்சிடென்ட் கேஸு’ன்னாங்க. டாக்டரு அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரு. பேசிட்டிருக்கறாரு."

"அப்புறம்?"

"பேசி முடிக்கட்டும்னு இருந்தேன்."

நான் காலிப் பொட்டலத்தின் காகிதத்தை மடித்தேன்.

"பெரியவங்க ரெண்டு பேரு பேசிட்டிருக்கறப்ப குறுக்க பூந்து எப்படிங்க வெட்டறது? கடைசியில பரீச்சை எடுத்தவரு வாட்சப் பாத்துட்டு, ‘அடிபட்ட ஆளு செத்துட்டாரும்மா, நீங்க எந்திரிக்கலாம்’னுட்டாரு."

அவளைக் குறை சொல்ல முடியாது. எங்கள் பக்கத்தில் தெருவில் இரண்டு பேர் நின்று பேசினால் நடுவே நடந்துகூடப் போகமாட்டோம், சுற்றிக்கொண்டுதான் போவோம். விருந்தாளி "வர்றேனுங்க" என்று எழுந்து நின்ற பிறகு இன்னொரு தடவை காப்பி போடுகிற அளவுக்குப் பேச்சு மிச்சமிருக்கும். வாசலில் கொஞ்சம், பஸ் நிற்கிற இடத்தில் கொஞ்சம், பஸ்ஸின் படியில் ஏறிய பிறகு கண்டக்டரின் வசவோடு கொஞ்சம். அதை யாரும் வெட்டுவதில்லை. அது தானாக உதிர வேண்டும்.

ஆனால் கன்னியாஸ்திரி சிஸ்டர்கள் நடத்துகிற ஆஸ்பத்திரியில் புதிதாக வந்து இறங்கியிருக்கும் டெலிபோன் போர்டு உதிரும் வரை காத்திருக்காது. பாக்கியமேரி அங்கே தற்காலிகமாகச் சீட்டு எழுதுகிறாள், நின்றபடியே. எங்கள் வீட்டுக்கு வருவதற்கு முன்னால் புளி உடைக்கிற களத்தில் குந்தி உட்கார்ந்து வேலை செய்தவள். "முதுகு சாஞ்சு உக்காந்து பாக்கற மாதிரி ஒரு வேல" என்பதுதான் அவள் என்னிடம் வாய்விட்டுக் கேட்ட ஒரே பொருள். அதுவும் நகைக்கடை வாசலில் நின்றபோது. மதர் சுப்பீரியர் சொல்லியிருந்தார்: ஆபரேட்டர் சர்ட்டிபிகேட் கொண்டு வந்தால் போர்டும் அதன் முன்னால் இருக்கும் நாற்காலியும் அவளுக்கு. பாஸ்கா என்று நாங்கள் சொல்லும் ஈஸ்டர் திருநாளுக்குப் பிறகு மறுபடியும் ஒரு பரீட்சை. அதிலும் தவறினால் சேலத்திலிருந்து வேறு ஆள் வந்துவிடும்.

"சேலத்துல சொல்லிக் குடுக்கற இன்ஸ்டிட்யூட்டுல இருக்கறது ஒரே போர்டு. நாங்க முப்பது பேரு. கை வெக்கறதுக்குள்ள மணி அடிச்சுடறாங்க" என்றாள்.

"அவ்வளவுதானே? வூட்டுலயே ஒரு போர்டு வெச்சுடலாம்."

ஜாங்கிரி கொடுத்த தைரியம்.

*

அடுத்த வாரமே சேலத்தில் பழைய சாமான் கடைகள் இருக்கும் தெருவுக்குப் போனோம். ஆம்ப்ளிஃபயரைத் திறந்து மூடத் தெரிந்தவன் என்பதால் என்னை நான் ஒரு இன்ஜினீயர் என்றே நினைத்துக்கொண்டிருந்த காலம் அது. திறந்ததில் பாதிதான் சரியாக மூடியது என்பது வேறு விஷயம்.

மூன்றாவது கடையில் அதைப் பார்த்தேன். மூடிப்போன ஏதோ மில்லிலிருந்து வந்த டெலிபோன் போர்டு. தேக்குப் பெட்டி, பித்தளை விளிம்பு, வரிசை வரிசையாகத் துளைகள், கீழே பாம்புக் குட்டிகள் மாதிரி சுருண்டு கிடக்கும் வயர்கள். பெண் பார்க்கப் போனபோதுகூட எனக்கு இப்படி நெஞ்சு அடித்துக்கொண்டதில்லை. இதைப் பக்கத்தில் நின்றவளிடம் சொல்லவில்லை.

"என்ன வெலைங்க?"

கடைக்காரர் சொன்னார். என் ஆம்ப்ளிஃபயர், குழாய்கள், ஜெனரேட்டர், கூடவே என்னையும் சேர்த்து நிறுத்துப் போட்டால்கூட அந்த விலை வராது.

"ஆம்ப்ளிஃபயர வேணா வித்துடலாம்" என்றேன் மெதுவாக.

"வித்துட்டுப் பாஸ்காவுக்கு யாரு மைக்கு கட்டறது? நீங்களே கோபுரத்துல ஏறி நின்னு கத்துவீங்களா?"

சரி, அடுத்தது. எலெக்ட்ரானிக்ஸ் கடையில் புத்தம் புதிய இன்டர்காம் ஒன்று இருந்தது. இரண்டு பெட்டி, நடுவே ஒரு வயர். அட்டைப்பெட்டியின் மேல் வெள்ளைக்காரக் குழந்தை ஒன்று சிரித்தது. விலையும் பரவாயில்லை. நான் பையைத் துழாவ ஆரம்பித்துவிட்டேன்.

"இத நான் என்ன பண்றது?" என்றாள்.

"பேசலாம். இங்க ஒருத்தர், அங்க ஒருத்தர்."

"அவிங்க ரெண்டு பேரும் அவிங்களாவே பேசிக்கிட்டா நடுவுல நான் எதுக்குங்க? இதுல எனக்கு வேலையே இல்லையே?"

கடைப்பையன் சிரிப்பை அடக்கிக்கொண்டு இன்டர்காமை எடுத்து உள்ளே வைத்தான்.

பிறகு ஒரு சிவப்பு டெலிபோன். நம்பர் சுழற்றினால் ‘கிர்ர்’ என்று திரும்பி வரும். அதைச் சுழற்றிக் கேட்டுக்கொண்டே நின்றேன். அவள் என் கையைப் பிடித்து எடுத்துவிட்டாள்.

"இந்தாங்க, எனக்கு என்ன வேணும்னு நான் சொல்றேன், கேளுங்க. தொளை நெஜமா இருக்கணும். அதுல சொருகறது நெஜமா இருக்கணும். கையும் கண்ணும் பழக வேண்டியது அதுலதான். அங்க ரிசீவர எடுத்தா இங்க பல்பு எரியணும். காதுல பேச்சு கேக்கணும். ஆஸ்பத்திரியில நம்பரு யாரும் சுத்த மாட்டாங்க, அதனால சுத்தற தட்டு வேண்டாம். பெட்டி தேக்கா, தகரமான்னு பரீச்சையில யாரும் கேக்கப் போறதில்ல."

வாழ்க்கையில் ஏதாவது வாங்குவதற்கு முன் இப்படி யோசிக்கலாம் என்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

மறுபடியும் பழைய சாமான் கடை. அவள் நேராகப் போய்த் தேக்குப் பெட்டியிலிருந்து ஒரு வயரை உருவினாள். நுனியிலிருந்த பித்தளைப் பின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஏங்க, இது நம்ம மைக் பின்னு தானுங்களே?"

நான் சிரித்தேன். இன்ஜினீயர் சிரிப்பு. "மைக் பின்னு வேற, டெலிபோன் பின்னு வேற. பாக்கறதுக்கு ஒரே மாதிரி இருக்கும். உள்ள சமாச்சாரம் வேற."

அவள் என் சட்டைப் பையில் கைவிட்டாள். ரிப்பேருக்கு எடுத்து மறந்துபோன மைக் பின் ஒன்று எப்போதும் அங்கே கிடக்கும். அதை எடுத்துப் போர்டின் துளையில் சொருகினாள். ‘டக்.’ அளவெடுத்துத் தைத்த மாதிரி உட்கார்ந்தது.

"ரெண்டும் ஒரே சாமான்தாங்க" என்றார் கடைக்காரர், தலையைக்கூடத் தூக்காமல். "டெலிபோன்காரன் போட்டத மைக்காரன் எடுத்துக்கிட்டான். நீங்க மைக்கா?"

"ஆமாங்க" என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

வீட்டில் என் ஷெட்டில் அந்தப் பின்களும் அவை போய் உட்காரும் துளைகளும் கோணிப்பையில் கிடந்தன. நான் உட்கார்ந்து சாப்பிடுவதே அந்தக் கோணியின் மேல்தான். அதைத் தேடித்தான் டிக்கெட் எடுத்துச் சேலம் வந்திருந்தேன்.

வேண்டியது ரிசீவர் மட்டும். கடையின் மூலையில் ஒரு மூட்டை நிறைய ரிசீவர்கள் இருந்தன. உடம்பு உடைந்த டெலிபோன்களின் அநாதைப் பிள்ளைகள். யாரும் சீந்தாததால் விலை அடிமாட்டு விலை. பாக்கியமேரி தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக எடுத்தாள். பேசுகிற பக்கத்தை உள்ளங்கையில் தட்டினாள்; உள்ளே இருக்கும் கரித்தூள் இறுகிப்போயிருந்தால் பேச்சு போகாது. நான் டார்ச் செல்லை வயரில் தொட்டேன். காதில் ‘கர்ர்’ என்றால் வலப்பக்கம், சத்தமில்லை என்றால் இடப்பக்கம். இடப்பக்கம் மலையாகக் குவிந்தது.

"என்னம்மா, மாப்ள பாக்கற மாதிரி பாக்கறீங்க?" என்றார் கடைக்காரர்.

"மாப்ள பாக்கறப்ப இவ்வளவு பாக்கலீங்க. அதான்" என்றாள்.

அவர் சிரித்த சிரிப்பில் தராசு ஆடியது.

*

பலகைக்கு ஆம்ப்ளிஃபயர் பெட்டியின் மூடி. துளைக்கும் துளைக்கும் எவ்வளவு இடைவெளி, தரையிலிருந்து எவ்வளவு உயரம் என்பதையெல்லாம் அவள் இன்ஸ்டிட்யூட் போர்டில் விரலால் சாண் போட்டு வந்திருந்தாள். விளக்குக்குச் சீரியல் செட்டில் மிஞ்சிய பல்புகள். குழாய் கட்டுகிற வயர் ஓடு ஓடாகத் தாண்டித் தெருவில் ஆறு வீடுகளுக்குப் போனது. கரண்ட்டுக்குக் கார் பேட்டரி. கூப்பிடுவதற்கு மணி வேண்டும். மணி விலை அதிகம். முனிராஜின் சைக்கிள் கடைக்குப் பின்னால் செத்த ஸ்கூட்டர்கள் கிடந்தன. அவற்றின் ஹாரன்களைக் கழற்றி வந்தேன். ஆறு வீட்டுக்கும் ஆறு ஹாரன்.

முதல் நாள் நான் கொடுத்த கனெக்‌ஷனில், எந்த வீட்டில் ரிசீவரை எடுத்தாலும் ஆறு ஹாரனும் சேர்ந்து அலறின. எதிர்வீட்டுச் செல்லம்மாள் அக்காவின் எருமை கயிற்றை அறுத்துக்கொண்டு ரயில்வே கேட் வரை போய்விட்டது. கேட்கீப்பர் அந்த அலறலை வண்டி வருகிற சிக்னல் என்று நினைத்து கேட்டைச் சாத்தினார். மறுநாள் பாக்கியமேரி என் வயர்களை எல்லாம் பிரித்து, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒவ்வொரு கலர் நூல் கட்டி, தானே சேர்த்தாள். நான் ஏணியைப் பிடித்துக்கொண்டேன். ஏணி பிடிப்பதும் தொழில்தான்.

அன்றிலிருந்து எங்கள் தெரு ஒரு ஆஸ்பத்திரி. செல்லம்மாள் அக்காவின் வீடு ஆபரேஷன் தியேட்டர். முனைக்கடை மாதேஸ்வரனின் டீக்கடை டாக்டர் குவார்ட்டர்ஸ். சர்ச் உபதேசியார் சவரிராயன் வீடு மருந்துக்கடை. சைக்கிள் கடை ஆம்புலன்ஸ். மைக் ஷெட், அதாவது நான், கேட். எங்கள் வீட்டு அடுப்படி மேட்ரன் ரூம். அங்கே என் அம்மா மிக்கேலம்மாள்.

முதல் இரண்டு நாள் எல்லாரும் வெட்கப்பட்டார்கள். மாதேஸ்வரன் ரிசீவரை எடுத்ததும், தான் பேசுவது போய்ச் சேராது என்று பயந்து, கடைக்கு வெளியே வந்து நின்று கத்தினான். அப்புறம் பிடித்துக்கொண்டது. பாக்கியமேரி காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்தால் பல்பு அணையாது.

"ஆபரேஷன் தியேட்டருங்களா? பால் அரைப் படி சேத்தி வேணுமாம், மருந்துக்கடை கேக்கறாங்க."

"டாக்டர் குவார்ட்டர்ஸ், ரெண்டு டீ கேட்டுக்கு அனுப்புங்க."

"மேட்ரனு வூட்டுல மொளகாத்தூள் தீந்து போச்சாம். ஆம்புலன்ஸு அந்தப் பக்கம் போவுதா?"

கை பழகியது. பார்க்காமலே வயரை எடுத்தாள், பார்க்காமலே சொருகினாள். ஒரே சமயத்தில் நான்கு பல்பு எரிந்தாலும் முகம் மாறவில்லை. ஒன்றைத் தவிர எல்லாம் வந்துவிட்டது.

வராத ஒன்று மேட்ரனுக்கும் ஆபரேஷன் தியேட்டருக்கும் நடுவே இருந்தது. என் அம்மாவும் செல்லம்மாள் அக்காவும் எதிரெதிர் வீடு. அடுப்படி ஜன்னலைத் திறந்தால் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியும். தெரிந்தபடியே டெலிபோனில் பேசினார்கள். இவர் கையை ஆட்டினால் அவர் அங்கே தலையை ஆட்டுவார். அரிசி உலை கொதித்து அடங்கும். பேச்சு அடங்காது.

நான் கேட்டிலிருந்து ரிசீவரை எடுப்பேன். "அவசரம்! ஆக்சிடென்ட் கேஸு! மேட்ரனக் குடுங்க!"

"மேட்ரன் பேசிட்டிருக்கறாங்க" என்பாள் பாக்கியமேரி, பரிதாபமாக.

"வெட்டு!"

"அத்தை பேச்ச வெட்டிப்புட்டு அந்த வூட்டுல நான் சோறு திங்கறதா? நீங்க வேணா வந்து வெட்டுங்க."

நான் எங்கே வெட்டுவது? எங்கப்பா ஒரே ஒரு முறை அம்மாவின் பேச்சை வெட்டியதாகக் கேள்வி. அதற்கப்புறம்தான் அவர் மிலிட்டரியில் சேர்ந்தார்.

பரீட்சை நெருங்கியது. ஒரு மத்தியானம் நான் மூன்றாம் தடவை செத்துக்கொண்டிருந்தபோது, பாக்கியமேரி கண்ணை இறுக மூடிக்கொண்டு, "சேசுவே" என்று சொல்லி வயரைப் பிடுங்கிவிட்டாள்.

தெருவே அமைதியானது. எதிர்வீட்டு ஜன்னலில் செல்லம்மாள் அக்கா ரிசீவரைக் குலுக்கிப் பார்ப்பது தெரிந்தது. அடுப்படியில் ஒரு பாத்திரம் விழுந்தது. விழவில்லை, வைக்கப்பட்டது. அம்மா வாசலுக்கு வந்தார்.

"டேய் வியாகுலம். உன் எக்ஸ்சேஞ்சுகிட்டச் சொல்லு. சோறு ஆயிடுச்சுன்னு."

மருமகள் நாலடி தூரத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அன்று முழுக்க அப்படித்தான். "எக்ஸ்சேஞ்சுக்குக் கொழம்பு வேணுமான்னு கேளு." "எக்ஸ்சேஞ்சு துணி கொடியில காயுது, மழ வருது." நடுவில் நான் வயர் மாதிரி ஓடிக்கொண்டிருந்தேன்.

சாயங்காலம் பாக்கியமேரி அடுப்படிக்குள் போய்க் கீழே உட்கார்ந்தாள். நான் வெளியே நின்று ஒட்டுக் கேட்டேன்.

"அத்தை, போன பரீச்சையில நான் எதனால தோத்தேன்னு தெரியுங்களா? ரெண்டு பேரு பேச்ச வெட்டாததால. ‘அடிபட்ட ஆளு செத்துட்டாரு’ன்னாங்க. அது பொய்யி, பரீச்சைக்குச் சொன்னது. ஆனா அந்த நாற்காலியில போயி உக்காந்துட்டா வர்ற ஆளு பொய்யில்ல அத்தை. எவனோ ஒருத்தன் பொண்டாட்டி அங்க கேட்டுல நின்னுட்டு இருப்பா."

அம்மா வெகு நேரம் பேசவில்லை. அவருக்கு அது பழக்கமில்லை, மூச்சு வாங்கியது.

"நீ வெட்டனது கூடப் பரவால்ல புள்ள" என்றார் கடைசியில். "பேச்சு பாதியில நின்னு போயி வவுத்துல கல்லு மாதிரி கெடக்குது. மறுபடி செல்லாகிட்டப் போனா, என்ன சொல்லிட்டிருந்தேன்னு எனக்கும் தெரியல, அவளுக்கும் தெரியல. பெரிய விசயம் அது. வீணாப் போச்சு."

"‘அரூர்க்காரி கொழுந்தியா தோட்ட அடமானம் வெச்சு’ன்ற எடத்துல நின்னீங்க" என்றாள் பாக்கியமேரி.

"ஆங்!" அம்மா எழுந்தே விட்டார். "அதேதான்! அடமானம் வெச்சு... இருடி, வந்து உக்காரு உன் பெட்டிகிட்ட. செல்லாளுக்கு லைனு குடு."

அங்கேதான் அவளுக்கு வழி பிறந்தது. வெட்டுவதில் தவறில்லை, வெட்டிவிட்டுப் போய்விடுவதுதான் தவறு. மறுநாளிலிருந்து அவள் குரலே வேறு. "அத்தை, செல்லம்மாக்கா, ரெண்டு நிமிசம் பொறுங்க. அவசரக் கேசு. நானே சேத்து வெக்கறேன்." டக். என்னை மேட்ரனிடம் சேர்ப்பாள், நான் பிழைத்துக்கொள்வேன். டக். "பேசுங்க அத்தை, ‘மூக்குத்தி’ன்ற எடத்துல நின்னீங்க."

அம்மாவுக்கு இது ஒரு விளையாட்டாகிவிட்டது. வெட்டவே முடியாதபடி பேசிக் காட்டுகிறேன் என்று சவால் விட்டார். சத்தம் போட்டுப் பார்த்தார். அழுது பார்த்தார். ஒருநாள் செல்லம்மாள் அக்காவிடம் டெலிபோனில் செபமாலை சொல்ல ஆரம்பித்துவிட்டார். செல்லம்மாள் அக்கா மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றுகிறவர். அவரும் மரியாதைக்கு "உம், உம்" என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

"இப்ப வெட்டு பாக்கலாம்!" என்றார் அம்மா, நடுவே மூச்சு விடாமல்.

"‘அருள் நிறைந்த’ன்ற எடத்துல நிறுத்திக்கோங்க அத்தை. அவசரக் கேசு. மாதா தப்பா நெனைக்க மாட்டாங்க, அவங்களும் பிள்ளையப் பறிகுடுத்தவங்க." டக்.

அம்மா ரிசீவரைப் பார்த்தார். பிறகு ஆணியில் மாட்டிவிட்டு, "இவ பாஸு" என்றார்.

*

இந்த முறை நான் ஒன்றும் வாங்கவில்லை. இன்ஸ்டிட்யூட்டின் வராந்தாவில், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். உள்ளே போர்டின் முன்னால் பாக்கியமேரி. பக்கத்து அறையில் பரீட்சை எடுப்பவர்கள் இரண்டு பேர், டெலிபோனும் கையுமாக. கதவு திறந்திருந்ததால் இரண்டு பக்கமும் எனக்குக் கேட்டது.

ஆரம்பம் சாதாரணமாகப் போனது. பிறகு மெல்லிய மீசை வைத்த ஒருவர் சூப்பரின்டென்டென்டாக மாறி, டாக்டராக மாறிய இன்னொருவரிடம் பேச ஆரம்பித்தார். வார்டுக்கு மெத்தை வாங்குவது பற்றி. நீளமாக. வேண்டுமென்றே நீளமாக.

அவசர விளக்கு எரிந்தது.

"குறுக்க வர்றதுக்கு மன்னிக்கணுமுங்க. ரெண்டு நிமிசம் பொறுங்க. அவசரக் கேசு, டாக்டருக்கு."

"யாரும்மா நீ? நான் யாருன்னு தெரியுமா? சூப்பரின்டென்டென்ட் பேசறேன்! முக்கியமான விஷயம் பேசிட்டிருக்கேன்!"

அவருக்கு என்ன தெரியும்? செபமாலையையே வெட்டி வந்தவளிடம் மெத்தை எம்மாத்திரம்?

"தெரியுங்க சார். உங்க பேச்ச நானே திரும்பச் சேத்து வெக்கறேன்." டக்.

டாக்டருக்கு லைன் போனது. ஆக்சிடென்ட் கேஸ் உள்ளே வந்தது. ஆம்புலன்ஸுக்கு ஒன்று, தியேட்டருக்கு ஒன்று, ரத்தத்துக்கு ஒன்று. அவர்கள் விடவில்லை, போர்டில் இருந்த விளக்குகளை எல்லாம் ஏற்றினார்கள். எங்கள் ஊர்த் தேர்த் திருநாளுக்கு நான் போடுகிற சீரியல் செட் மாதிரி எரிந்தது. அவள் கைகள் மட்டும் அவசரப்படாமல், முறத்தில் அரிசி புடைப்பதுபோல ஒரே தாளத்தில் போய் வந்தன. ஒவ்வொரு விளக்காக அணைந்தது. கடைசி விளக்கும் அணைந்ததும் அவள் ஒரு வயரை எடுத்தாள்.

"சார், டாக்டர் லைன்ல இருக்கறாங்க. ‘பஞ்சு மெத்தையா, நார் மெத்தையா’ன்ற எடத்துல நின்னீங்க. பேசுங்க."

பக்கத்து அறையில் மீசைக்காரர் ரிசீவரைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தார்.

"அதுக்கு மேல என்ன பேசறதுன்னு எனக்கே தெரியலியேம்மா" என்றார். இன்னொருவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். மீசைக்காரர் எழுந்து போர்டு அருகே வந்தார். முகத்தைக் கடுமையாக வைத்துக்கொள்ளப் பார்த்தார், வரவில்லை.

"லைன்ல பேசறத ஆபரேட்டர் ஒட்டுக் கேக்கக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தாங்களா இல்லையா?"

"கேக்கலீங்க சார். நான் உள்ள நுழையறப்ப வாசப்படியில கெடந்த வார்த்தைங்க அது."

"எந்த போர்டுல பழகினீங்க? இங்க இருக்கறதுல இவ்வளவு வராதே."

"எங்க தெருவுலங்க."

அவர் விளங்கிக்கொள்ளவில்லை. விளக்க நேரமும் இல்லை. அடுத்த ஆள் காத்திருந்தார். ஆனால் வெளியே வந்து, கம்பியைப் பிடித்துக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, "ஏன் அழறீங்க? உங்க வீட்டம்மா பாஸு, இதுவரைக்கும் அவங்கதான் முதல்ல" என்றார். வெங்காய பஜ்ஜிக் கடைப் புகை என்று சொல்ல நினைத்தேன். பக்கத்தில் கடையே இல்லை.

பொம்மிடி ஸ்டேஷனில் அம்மாவும் செல்லம்மாள் அக்காவும் பிளாட்பாரத்தில் நின்றிருந்தார்கள். வண்டி நிற்பதற்குள் அம்மா ஜன்னலோடு சேர்ந்து நடந்தார்.

"வெட்டினியா?"

"வெட்டினேன் அத்தை."

"யார?"

"சூப்பரின்டென்டென்ட!"

அம்மா பிளாட்பாரம் முழுவதற்கும் திரும்பினார். இறங்குகிறவர்கள், ஏறுகிறவர்கள், போர்ட்டர், வேர்க்கடலை விற்கிறவர், யாரும் விலக்கில்லை. "கேட்டுக்கோங்க! சூப்பரின்டென்டென்டயே வெட்டிட்டா! எங்கிட்டப் பழகுனவ!"

செல்லம்மாள் அக்கா, "நானுந்தான் பேசினேன்" என்றார். அவருடைய பங்கும் சேர்ந்தது.

*

வேலையில் சேர்ந்த முதல் நாள் நான் கூடப் போனேன். மதர் சுப்பீரியர் சர்ட்டிபிகேட்டைப் படித்துப் பார்த்து, போர்டு அறையைத் திறந்துவிட்டார். சுழல் நாற்காலி. பாக்கியமேரி முதலில் அதன் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் போனாள். முதுகு சாய்ந்தது. ஒரு நொடி கண்ணை மூடித் திறந்தாள். அதற்குள் விளக்கு எரிந்துவிட்டது. என்னை அவள் மறந்துபோனதை நான் கண்ணால் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷமாக நான் இதுவரை மறக்கப்பட்டதில்லை.

மத்தியானம் சாப்பாட்டுத் தூக்கோடு போய் கேட்டில் நின்றேன். வாட்ச்மேன் மேலும் கீழும் பார்த்தார்.

"யாரப் பாக்கணும்?"

"ஆபரேட்டரம்மாவத்தானுங்க."

"நீங்க?"

"வூட்டுக்காரனுங்க."

அவர் சட்டென்று எழுந்தார். தன் ஸ்டூலைத் துண்டால் தட்டி என் பக்கம் நகர்த்தினார். "உக்காருங்க சார். காலைல எம் பொண்ணுக்கு வலி எடுத்துடுச்சுன்னு ஊர்லருந்து போன் வந்துச்சு. ரெண்டு பெரிய டாக்டருங்க பேச்ச நிறுத்தி வெச்சுட்டு எனக்கு லைன் குடுத்தாங்க."

"கொழந்த?"

"பேரனுங்க."

எத்தனையோ மேடைகளுக்கு மைக் கட்டியிருக்கிறேன். பேசியவர்களுக்கெல்லாம் நாற்காலி போட்டார்கள். மைக்காரனுக்கு ஒரு ஸ்டூல் போட்டு யாரும் பார்த்ததில்லை. நான் தூக்கை மடியில் வைத்துக்கொண்டு, நன்றாக நிமிர்ந்து, உட்கார்ந்தேன்.